முன்சக்கரத்தில் ஆட்டம்

“அந்த வண்டியில யாரும் ஏறாதீங்க” என்று சின்னவர் சொன்னதும், வேனின் பின்பக்கத்து இருக்கைகளைக் கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஸ்பேனரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவர் ஒன்றும் சத்தம்போட்டுச் சொல்லவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவிலிருந்து எழுந்து, செருப்பைக்கூடத் தேடாமல், நேராக வேனின் முன்சக்கரத்தருகே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் சொன்னார்.

கொஞ்சம் முன்னால் பக்கத்து வீட்டு லாரி டிரைவர், சந்துக்குள் நின்றிருந்த வேனைப் பின்னால் எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார். சாக்கடையை மூடிய சிமென்ட் பலகையின் விளிம்பில் இடது முன்சக்கரம் ஏறி இறங்கியது. இறங்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம். உள்ளே அழுகை, வெளியே ஆளாளுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் வேறு யார் காதிலும் விழவில்லை. சின்னவர் காதில் விழுந்தது. அவர் பிழைப்பே அதுதான்.

பஸ், லாரி, வேன் எதுவானாலும் வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து, ரோட்டில் ஓடலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடும் நிலையத்தில் அவர் இன்ஸ்பெக்டர். வெளியே எல்லோருக்கும் சார். ஐம்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் மட்டும் சின்னவர். கல்யாணத்தன்று தன்னை ஏற்றிப்போக வந்த காரில் ஏறுவதற்கு முன்னால் குனிந்து டயரைப் பார்த்த மாப்பிள்ளை என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பாதி பொய். அந்தப் பாதியைச் சேர்த்துக்கொண்டது அண்ணன்தான். எந்த விசேஷத்திலும் நாலு பேர் கூடிவிட்டால் அதைச் சொல்லாமல் விட மாட்டார். அந்த அண்ணன் இப்போது உள்ளே முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். விடியற்காலையில் கொல்லைப்பக்கம் போக எழுந்தவர், வழியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணி விளக்கைப் போட்டுப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

“என்ன மாப்ள, என்ன ஆச்சு?” அண்ணியின் அண்ணன் வேகமாக வந்தார். காலையிலிருந்து எல்லா ஏற்பாட்டையும் அவர்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

“முன்சக்கரத்துல சத்தம் வருது. பாத்துட்டுச் சொல்றேன்.”

“சுடுகாடு கூப்பிடு தூரத்துலதான் இருக்கு. மெதுவா உருட்டிட்டுப் போயிரலாம்.”

“இறக்கம் இருக்கு. ரோடு வேற குண்டும் குழியுமா கிடக்கு. பின்னாடி அத்தனை பேர் உக்காருவீங்க.”

“வேற வண்டி சொல்லலாம்னா தங்கச்சி கேக்க மாட்டேங்குது. அவரு வண்டியிலதான் அவரு போகணும்னு காலையிலேருந்து ஒரே பேச்சா இருக்கு.”

“அதான் பாக்கறேங்கறேன்.”

 அண்ணியின் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல்தான் வாசலில் இருந்த எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

“அதெல்லாம் அவரு மாத்தியாச்சு. நீ என்ன மாத்தச் சொன்னியோ, மாத்தி எடுத்துட்டு வந்தாரு. அப்பவும் நீ கையெழுத்துப் போடல. தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிருச்சு. ஒரு மாசமா மனுஷன் வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தாரு. காலு ஓரிடத்துல நிக்காத ஆளு. அவரைப் பிடிச்சு உக்கார வச்சா என்ன ஆகும்? இதோ, ஆயிருச்சு.”

சின்னவர் வாயைத் திறந்தார். வண்டி எங்கிட்ட திரும்பி வரவே இல்லையே என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அண்ணி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். காலையில் வந்தவுடன் ‘அண்ணி’ என்று இவர் பக்கத்தில் போய் நின்றபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது, துக்கத்தில் என்று இவர் நினைத்திருந்தார்.

வாயை மூடிக்கொண்டார்.

போன மாதம் அண்ணன் வேனைக் கொண்டுவந்து வரிசையில் நின்றார். மில்லுக்கு வேலைக்குப் போகும் பெண்களை வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கும் வேன். “உங்கண்ணன் வண்டிதானே, நான் பாத்துக்கறேன்” என்று இன்னொரு இன்ஸ்பெக்டர் எழுந்தபோது அண்ணன் தடுத்துவிட்டார். “வேண்டாம், அவனே பாக்கட்டும். நான் இடுப்புல தூக்கிச் சுமந்த பய, என்னைக் கீழ இறக்கி விட்டிருவானா?” என்று அந்தச் சோதனைத் திடலே சிரிக்கும்படி சொன்னார்.

சின்னவர் இறக்கித்தான் விட்டார்.

சக்கரத்தையும் அதைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கையையும் சேர்க்கும் இடத்தில் ஒரு கிண்ணமும் அதற்குள் ஓர் உருண்டையும் இருக்கும். நம் தோள்மூட்டு மாதிரி. பால் ஜாயிண்ட் என்பார்கள். ஓட ஓடக் கிண்ணம் தேயும், உருண்டை ஆடத் தொடங்கும். தேய்ந்துவிட்டது என்பதற்காக உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. கொஞ்சம் ஆட்டத்தை வண்டி பொறுத்துக்கொள்ளும். எதுவரை பொறுக்கும், எதற்குமேல் பொறுக்காது என்று சொல்வதற்குத்தான் சின்னவருக்குச் சம்பளம். ஏனென்றால் அது பொறுக்கும், பொறுக்கும், பிறகு ஏதோ ஒரு சின்னக் குழியில் உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அதற்கப்புறம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் எவ்வளவு பெரிய டிரைவராக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அன்றைக்கு அந்த ஆட்டம் அளவைத் தொட்டுக்கொண்டு நின்றது. தாண்டிவிட்டது என்றும் சொல்லலாம், இன்னும் இல்லை என்றும் சொல்லலாம்.

“இதெல்லாம் ஒரு ஆட்டமாடா? அடுத்த மாசம் மாத்திக்கறேன்” என்றார் அண்ணன்.

“மாத்திட்டுக் கொண்டா.”

அண்ணன் சிரித்தார். சாவியைச் சுழற்றிக்கொண்டே திரும்பிப் போனார். போகும்போது கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம், “பாத்தியா? தம்பின்னா இப்படி இருக்கணும்” என்றார். அது குத்தலா, பெருமையா என்று சின்னவருக்குப் பிடிபடவில்லை. அதற்குப்பின் அண்ணன் போனை எடுக்கவில்லை. வண்டியைத் திரும்பக் கொண்டுவரும்போது பேசிக்கொள்ளலாம் என்று இவரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் சாப்பிடும்போது, குளிக்கும்போது, வேறு ஏதாவது சக்கரத்தை ஆட்டிப் பார்க்கும்போது ஒரே கேள்விதான். வேறு யாராவதாக இருந்தால் தவணை கொடுத்திருப்பேனோ? அண்ணன் என்பதால்தான் கறாராக நின்றேனோ?

“பட்டறைக்காரரைக் கூப்பிடுங்க” என்றார் சின்னவர் இப்போது.

பட்டறைக்காரர் கூட்டத்தின் கடைசியில்தான் நின்றிருந்தார். அண்ணனின் வண்டியை வாங்கிய நாளிலிருந்து பார்ப்பவர். கூப்பிட்டதும் தயங்கித் தயங்கி வந்தார். லாரி டிரைவர் தன் ஜாக்கியையும் ஒரு கடப்பாரையையும் கொண்டுவந்து கொடுத்தார். இரும்புக் கைக்கு அடியில் ஜாக்கியை வைத்து, டயர் தரையை விட்டு ஒரு விரல் எழும்பும் வரை தூக்கினார்கள்.

சின்னவர் டயரின் உச்சியில் ஒரு கையையும் அடியில் ஒரு கையையும் வைத்து ஆட்டினார். சக்கரம் ‘டக், டக்’ என்று உள்ளே வெளியே சாய்ந்தது.

“பிரேக்க மிதிச்சுப் பிடிங்க.”

லாரி டிரைவர் உள்ளே ஏறி மிதித்தார். பேரிங்கில் கோளாறு என்றால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் அடங்க வேண்டும். சின்னவர் மறுபடி ஆட்டினார். அடங்கவில்லை.

“போதும், இறங்கிக்கோங்க” என்று அவரை அனுப்பிவிட்டு, கடப்பாரையை டயருக்கு அடியில் கொடுத்து நெம்பினார். பட்டறைக்காரர் படுத்துக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். சின்னவர் பார்க்கவே வேண்டியதில்லை. ஆட்டம் கடப்பாரை வழியாகவே கைக்கு வந்தது. உருண்டை மேலே போய் இடிக்கிறது, கீழே வந்து இடிக்கிறது. போன மாதம் அவர் கை சொன்னது சரிதான். அளவைத் தாண்டித்தான் இருக்கிறது. இத்தனை நாள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்தும் நெஞ்சு லேசாகவில்லை.

அவரும் வண்டிக்கு அடியில் நகர்ந்து போனார். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே வந்து மண்ணோடு கட்டிப்போய்க் கிடந்தது. வருஷக் கணக்கான அழுக்கு.

“இது பழசு” என்றார் சின்னவர். “மாத்தவே இல்ல.”

பட்டறைக்காரர் வெளிச்சத்தை அந்த உறையிலேயே பிடித்திருந்தார்.

“மாத்தியாச்சுன்னு வீட்டுல சொல்லியிருக்காரு. எங்கிட்ட கொண்டுவந்து காட்டினாராம். நான் கையெழுத்துப் போடலையாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா? வெளிய எல்லாரும் என்னை எப்படிப் பாக்கறாங்க, பாத்தீங்கல்ல? நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. வண்டி பட்டறைக்கே வரலைன்னு சொல்லுங்க, போதும்.”

“சொல்லலாம் சார்” என்றார் பட்டறைக்காரர். வெளிச்சத்தை அணைத்தார். இருவரும் வண்டிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்கள். சுற்றிலும் செருப்புகளும் கால்களும் தெரிந்தன. “வண்டி வரல. ஆனா அண்ணன் வந்தாரு.”

“எப்ப?”

“போன வாரத்துக்கு முந்தின வாரம் இருக்கும். நடந்து வந்தாரு. வண்டி எங்கண்ணேன்னு கேட்டா வீட்ல நிக்குதுங்கறாரு. வாசல்ல ஒரு பழைய டயர் கிடக்குதுல்ல, அதுமேல உக்காந்தாரு சார். பேச்சு வரல. மூச்சு அப்படி வாங்குது. தண்ணி குடுத்தேன், குடிக்க முடியல. கொஞ்சம் தெளிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கண்ணேன்னேன். போனா படுக்க வச்சிருவான், பொண்ணு வெளியூர்லேருந்து வேலைய விட்டுட்டு ஓடி வரும், இவ அழுதே செத்துருவா, தானா சரியாப் போயிரும்ங்கறாரு. சீட்டுல ஏறவே முடியலையாம். ஏறினா கண்ண இருட்டிக்கிட்டு வருதாம். அந்த மில்லுப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு நான் எப்படிடா ஓட்டறதுன்னாரு.”

சின்னவர் மேலே இருந்த இரும்பைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

“அப்ப வீட்ல என்னண்ணே சொல்லியிருக்கீங்கன்னேன். தம்பி கையெழுத்துப் போடலன்னு சொல்லியிருக்கேன்னாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. சார் பாவம்ணே, இது தப்பில்லையான்னேன். சிரிச்சாரு. அவன் மேல போட்டா அவன் தாங்குவான்டான்னாரு.”

கூட்டத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள்.

“போறப்ப ஜாயிண்ட் மட்டும் வாங்கிட்டுப் போனாரு. ரெண்டு மூணு கம்பெனி சாமான் எடுத்துக் காட்டினேன். இருக்கறதுல நல்லதாக் குடு, அவன் கடப்பாரையோட நிப்பான்னாரு. உடம்பு சரியானதும் வண்டியக் கொண்டாறேன், மாட்டிக் குடுன்னாரு. டிரைவர் சீட்டுக்கு அடியில வச்சிருக்கேன்னு அப்பறம் போன்லயும் சொன்னாரு.”

சின்னவர் வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். பத்துப் பதினைந்து முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஜன்னலில் அண்ணியும் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக.

“என்ன மாப்ள” என்றார் அண்ணியின் அண்ணன். “மாத்தியிருக்காரா இல்லையா? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு.”

ஒரே ஒரு சொல்தான். சொல்லிவிட்டால் இத்தனை முகமும் மாறிவிடும். அந்த ஜன்னலில் இருக்கும் முகமும் மாறும். எப்படி மாறும் என்பதையும் சின்னவர் நினைத்துப் பார்த்தார். ஒரே கூரைக்குக் கீழே, ஒரு மாதம், மூச்சுக்குத் திணறிய மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் தம்பிமேல் இருக்கும் கோபத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றுதானே அண்ணி நினைத்திருப்பார். அப்படி இல்லை என்று இப்போது தெரிந்தால், வாழ்நாள் முழுக்கத் தன்னையே நொந்துகொள்வார்.

“மாத்தியிருக்காரு” என்றார்.

“அப்பறம் என்ன?”

“வேற ஒரு இடத்துல போல்ட்டு லூசா இருக்கு. அன்னைக்கு நான் கவனிக்கல. சரி பண்ணிட்டாப் போயிரலாம்.”

“அப்ப அன்னைக்கே நீ கையெழுத்துப் போட்டிருக்கலாம்.”

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி ஏதோ சொல்ல வந்தார். சின்னவர் அவர் பக்கம் திரும்பவில்லை.

“போட்டிருக்கலாம்” என்றார்.

அண்ணியின் அண்ணன் கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார். “செத்தவரையும் நிக்க வச்சு டெஸ்ட் எடுக்கறாங்கப்பா” என்று நாற்காலி வரிசையில் ஒருவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் அவரை அடக்கவும் இல்லை. சின்னவர் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். துடைக்கும் துணி, ஒரு தண்ணீர்ப் பாட்டில், அதற்குப் பின்னால் அட்டைப் பெட்டி. இன்னும் பிரிக்கவே இல்லை. அதைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போனார்.

“ஆள் அனுப்பிப் பட்டறையிலேருந்து கழட்டற சாமான் எடுத்துட்டு வரச் சொல்றேன் சார்” என்றார் பட்டறைக்காரர். “நீங்க உள்ள போங்க. நான் பாத்துக்கறேன்.”

“இல்ல, நானும் பிடிக்கறேன்.”

இன்ஸ்பெக்டர் உத்தியோகத்துக்கு வந்த பிறகு அவர் குறை சொன்னதோடு சரி, ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை. சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். கை மறந்திருக்கவில்லை. நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருந்த பின்னை நிமிர்த்தி உருவி, பெரிய நட்டைத் தளர்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கல். கூம்பு மாதிரி உள்ளே இறுகியிருக்கும் முனையைப் பக்கவாட்டில் ஓங்கி அடித்தால்தான் விடும். பட்டறைக்காரர் சுத்தியலை எடுத்தார். வீட்டைப் பார்த்தார். 

“அடிங்க” என்றார் சின்னவர்.

“எப்படி சார் அடிக்கறது? உள்ள பெட்டி இருக்கு.”

சின்னவர் சுத்தியலை வாங்கினார். முதல் அடி விழுந்ததும் வீட்டுக்குள் அழுகை சட்டென்று நின்றது. இரண்டாவது அடிக்கு ஒரு குழந்தை வீறிட்டது. அவர் நிறுத்தவில்லை. ஒவ்வோர் அடியும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. காலையிலிருந்து வராத கண்ணீர் இப்போது வரும்போலிருந்தது, ஆனால் கண்ணில் விழுந்த துருவால்தான் கண் கரித்தது. கடைசியில் ‘சடக்’ என்று முனை விட்டுக்கொடுத்தது.

நாலு போல்ட்டைக் கழற்றியதும் பழைய ஜாயிண்ட் பட்டறைக்காரர் கையில் விழுந்தது. அவர் முனையை விரலால் தட்டினார். அது தொங்கித் தொங்கி ஆடியது. கிண்ணத்தின் விளிம்பு தகடு போலத் தேய்ந்திருந்தது.

“நல்ல குழி ஒண்ணு போதும் சார்” என்றார் மெதுவாக. “அன்னைக்கு நீங்க நிறுத்தலன்னா…”

“பழசை அந்தச் சாக்குல சுத்திடுங்க” என்றார் சின்னவர்.

புதிய ஜாயிண்டைப் பொருத்தி, இரும்புக் கையைத் தோளால் தாங்கி, முனையைத் துளைக்குள் ஏற்றிப் பிடித்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அண்ணனின் மகள். அவள் வருவதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். சின்னவருக்கு அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஓடி வந்தன. வேனைத் தாண்டும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அது பாட்டுக்கு விழுந்து கிடந்தது. உள்ளேயிருந்து வீடே பிளந்துகொள்ளும்படி ஒரு சத்தம் எழுந்தது. பட்டறைக்காரர் நட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். சின்னவர் கையை எடுத்தால் எல்லாம் கீழே வந்துவிடும். தாங்கிப் பிடித்தபடியே கிடந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கால்கள் திரும்பி வந்தன. இப்போது மெதுவாக, ஒன்றில் மட்டும் செருப்போடு. வேனின் அருகே நின்றன. அவள் மண்டியிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தாள்.

“சித்தப்பா.”

“வந்துட்டேன்டா. இதோ.”

“அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா சித்தப்பா? எங்கிட்ட நேத்துகூட சிரிச்சுப் பேசினாரு. எனக்கு ஒண்ணுமே தெரியல.”

அவள் கையை நீட்டினாள். அவரால் பிடிக்க முடியவில்லை.

“கையெல்லாம் கிரீஸ்டா” என்றார். “நல்லாத்தான் இருந்தாரு. நல்லாத்தான் இருந்தாரு, போ. அம்மாகூட இரு.”

 அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள்.

சக்கரத்தை மாட்டி இறக்கியாயிற்று. சின்னவர் மறுபடி ஆட்டிப் பார்த்தார். மலைபோல நின்றது. இரண்டாவது தடவை ஆட்ட வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் ஆட்டினார். பிறகு தெருக்குழாயில் கைகழுவப் போனார். சோப்பு போதவில்லை. மண்ணைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தபோது அண்ணி வாசலுக்கு வெளியே வந்திருந்தார்.

காலையிலிருந்து பெட்டியை விட்டு அசையாதவர். பெண்கள் இரண்டு பேர் பின்னாலேயே வந்தார்கள். அவர்களைக் கையசைத்து நிறுத்திவிட்டு வேனருகே வந்து நின்றார். சுவரோரம் ஜாக்கி, கடப்பாரை, சாக்கு மூட்டை, பிரித்துப் போட்ட அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் கம்பெனிக்காரன் சுற்றிய பிளாஸ்டிக் காகிதம் இன்னும் பளபளவென்று இருந்தது. அண்ணி குனிந்து சாக்கை விலக்கினார். பழைய ஜாயிண்டை எடுத்தார். முப்பது வருஷம் டிரைவர் பெண்டாட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வண்டிக்கு அடியில் கிடக்கும்போது கேட்ட ஸ்பேனரைக் கேட்ட சைஸில் எடுத்துக் கொடுத்தவர். கிழிந்த ரப்பரை விரலால் தொட்டுப் பார்த்தார். முனையைப் பிடித்து அசைத்தார். அது அசைந்தது. இன்னொரு தடவை அசைத்தார்.

பிறகு பட்டறைக்காரரைப் பார்த்தார். பட்டறைக்காரர் ஜாக்கியின் கைப்பிடியைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த கைப்பிடிதான்.

“பட்டறைக்கு எப்ப வந்தாரு?” என்று அண்ணி கேட்டார்.

பட்டறைக்காரர் சின்னவரைப் பார்த்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. 

“சரி” என்றார் அண்ணி.

ஜாயிண்டைச் சாக்கின்மேல், உடைந்துவிடும் பொருளை வைப்பதுபோல மெதுவாக வைத்தார். விரல்களில் கிரீஸ் ஒட்டியிருந்தது. புடவையில் துடைத்துக்கொள்ளாமல் கையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னவர் தன்னிடமிருந்த சோப்பை நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

“முடிஞ்சுதா?” என்றார்.

“முடிஞ்சுது அண்ணி.”

அதற்குள் அண்ணியின் அண்ணன் வந்துவிட்டார். “நேரமாச்சு, தூக்கலாம். வண்டிய லாரிக்காரத் தம்பியே எடுக்கட்டும். சாவி எங்க?”

“தம்பி ஓட்டட்டும்” என்றார் அண்ணி.

“அதான், லாரிக்காரத் தம்பிதான்…”

“எங்க தம்பியச் சொன்னேன்.”

அண்ணியின் அண்ணன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். 

அண்ணனைத் தூக்கி வந்தார்கள். சின்னவர் கால்பக்கம் பிடித்தார். பின்பக்கத்து இருக்கைகள் இருந்த இடத்தில் வைத்து, இருபுறமும் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். மகள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தலை அசையாதபடி கையை வைத்துக்கொண்டாள். அண்ணி முன்னால் வந்து, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறினார்.

வண்டி கிளம்பியது. தெரு முடியும்வரை முதல் கியரிலேயே போனது. பின்னால் ஆட்கள் நடந்து வந்தார்கள். இறக்கம் தொடங்கும் இடத்தில் ரோடு பெயர்ந்து கல் கல்லாகக் கிடந்தது. இடது சக்கரம் அதில் இறங்கி ஏறியபோது சின்னவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி குலுங்கியது, அவ்வளவுதான். பின்னால் யாரோ “பாத்து, பாத்து” என்றார்கள்.

அண்ணி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அழவில்லை. வளைவில் எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர் இறங்கி ஓரமாக நின்றார். அவரைக் கடந்த பிறகு, பார்வையைத் திருப்பாமலே, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரா தம்பி?”

சின்னவர் ரோட்டைப் பார்த்தார். கியரை மாற்றினார். என்ன சொன்னாலும் பொய்யாகிவிடும் போலிருந்தது.

“தெரியல அண்ணி” என்றார்.

அண்ணி தலையசைத்தார். பிறகு அவர் பார்வை இறங்கி சின்னவரின் கால்களில் நின்றது. அண்ணன் நெடுநெடுவென்ற ஆள். சீட்டைக் கடைசிப் பல்வரை பின்னால் தள்ளி வைத்துத்தான் ஓட்டுவார். சின்னவருக்குக் கிளட்ச் எட்டவில்லை. சீட்டின் விளிம்புக்கு வந்து, கால்விரல் நுனியால் மிதித்துக்கொண்டிருந்தார். முதுகு எதிலும் சாயவில்லை.

“சீட்ட முன்னாடி இழுத்துக்கோங்க தம்பி. கீழ லீவர் இருக்கு.”

“இருக்கட்டும் அண்ணி.”

இறக்கத்தில் வண்டி வேகம் பிடிக்கப் பார்த்தது. சின்னவர் காலை இன்னும் கொஞ்சம் நீட்டி பிரேக்கை எட்டித் தொட்டுக்கொண்டார்.